லிஃப்டுக்குள் ஒரு வாலு

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உஸ்மான் கனி பூட்டுக் கடை வைத்திருந்தபோது, அவருடைய ஒரே மகள் சைனம்பு ஒரு காலாண்டு விடுமுறையில் செய்த காரியத்தை அந்தத் தெரு இன்னும் மறக்கவில்லை. கடையில் அறுபது பூட்டு, அறுபது சாவி. ஒன்பது வயதுப் பெண், ஒவ்வொரு பூட்டிலும் எல்லாச் சாவியையும் போட்டுத் திருகிப் பார்த்தாள். மொத்தம் மூவாயிரத்து அறுநூறு திருகல். ஐந்தாம் நாள் விரல் வீங்கி, அம்மாதான் சோறு ஊட்ட வேண்டியிருந்தது. பத்தாம் நாள் கணக்கு முடிந்தது. பதினொரு பூட்டுகள் அடுத்தவன் சாவிக்கும் வாயைப் பிளந்தன.

"அத்தா, இந்தப் பூட்ட வாங்குனவங்க வீட்டுக்குள்ள அந்தப் பூட்ட வாங்குனவங்க தாராளமா போய் வரலாம்" என்றாள்.

பூட்டுக் கம்பெனிக்காரன் லாரியில் வந்து இறங்கி மன்னிப்புக் கேட்டான் என்று தெருவில் சொல்வார்கள். லாரி இல்லை, சைக்கிள்தான் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வந்தான் என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் சண்டை இல்லை.

அந்தப் பெண்ணுக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில், உச்சி லிஃப்ட் கன்ட்ரோல்ஸ் என்று பெயர்ப்பலகை போட்ட கம்பெனியில் வேலை. லிஃப்டுக்கு ஒரு மூளை உண்டு. எந்த மாடியில் நிற்பது, எப்போது கதவைத் திறப்பது என்று முடிவு பண்ணுகிற ஒரு சின்ன போர்டு. அதற்குள் ஒரு புரோகிராம். அந்தக் கம்பெனி அதைத்தான் செய்கிறது. அந்தப் புரோகிராமில் ஓட்டை இருக்கிறதா என்று தேடுவது சைனம்புவின் உத்தியோகம். அதாவது, இன்னமும் அதே பூட்டு, அதே சாவி.

அவள் வந்து சேர்ந்த புதிதில் கையில் ஒரு லிஸ்ட் கொடுத்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு வரி. 'தரைத்தளத்தில் நில். இரண்டை அழுத்து. போகிறதா? டிக் அடி.' இரண்டே நாளில் அதைக் கொண்டுபோய் முதலாளி ஹேமநாதன் மேஜைமேல் வைத்தாள்.

"சார், இந்த லிஸ்ட்ல வர்ற ஆளுங்க எல்லாருமே நல்ல பிள்ளைங்க. ஒரு தடவை அழுத்திட்டுக் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. ஆவடியில நம்ம லிஃப்ட் ஓடுற அடுக்குமாடிக்கு வந்து பாருங்க. கீழ போறவரு மேல போற பட்டனையும் சேத்து அழுத்துறாரு. பிள்ளைங்க எல்லா மாடியையும் தட்டிட்டு இறங்கி ஓடுதுங்க. கதவு மூடும்போது ஒருத்தர் கால விடுறாரு, இன்னொருத்தர் குடைய விடுறாரு."

"அதுக்கு?"

"லிஃப்ட ஒரு வாலு கிட்ட குடுக்கணும் சார்."

வாலு என்று அவள் சொன்னது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற ஒரு சேட்டைக்காரனை. கம்ப்யூட்டருக்குள்ளேயே, கயிறும் பெட்டியும் இல்லாத ஒரு பொய் லிஃப்டை ஓடவிட்டாள். மூளை மட்டும் நிஜம். அதன் பட்டன்களை வாலு கண்ணை மூடிக்கொண்டு, மனம் போன போக்கில் தட்டித் தள்ளுவான். நடுவில் கரண்டைப் பிடுங்குவான். கதவில் கால் விடுவான். ஒரு நிமிஷத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு ஒரு மாதம் செய்கிற அட்டூழியம் அத்தனையும் செய்து முடிப்பான். பூட்டு அறுபதென்றால் எல்லாச் சாவியையும் போட்டுப் பார்த்துவிடலாம். லிஃப்டில் அது நடக்காது. பத்துப் பட்டன்களை எத்தனை வரிசையில் அழுத்தலாம் என்று எண்ண உட்கார்ந்தால் கொரட்டூர் ஏரி வற்றி, நிரம்பி, மறுபடி வற்றிவிடும். அதனால்தான் குருட்டாம்போக்கு. கண்ணை மூடிக்கொண்டு லட்சம் தடவை கைவிட்டால், ஒளிந்திருக்கிற ஏதாவது ஒன்று விரலைக் கடிக்கும்.

முதல் வருஷமே வாலு பதினேழு பிழைகளைப் பிடித்தான். எல்லாம் சில்லறைப் பிழைகள். ஹேமநாதன் மகிழ்ந்துபோய் அவளுக்கு ஒரு சுழல் நாற்காலி வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் அவளுடைய இரண்டாவது ஆசைக்கு அவர் மசியவில்லை. எட்டு வருஷமாக அந்தப் புரோகிராமை ஆளாளுக்கு ஒட்டுப் போட்டிருந்தார்கள். இந்தக் கட்டடத்துக்கு ஒரு வரி, அந்த மாலுக்கு நாலு வரி. தலைமைப் புரோகிராமர் தினேஷுக்கே சில மூலைகளில் நுழையப் பயம். சைனம்பு சொன்னது இது: லிஃப்டின் விதிகளை எல்லாம் ஓர் அட்டவணையில் எழுதுவோம். இந்த நிலையில் இது நடந்தால் இதைச் செய். இது மட்டும் எப்போதும் நடக்கக் கூடாது. அட்டவணையைப் படித்துப் புரோகிராமை எழுதுகிற வேலையை இன்னொரு புரோகிராமிடம் விட்டுவிடுவோம். மனுஷன் ஓரிடத்தில் மறப்பான். அது மறக்காது. அதே அட்டவணையைக் காட்டினால், எதைப் பார்த்தால் கத்த வேண்டும் என்று வாலுவுக்கும் தெரிந்துவிடும்.

"ஓடுற வண்டிய எதுக்கும்மா பிரிச்சுப் போடணும்?" என்று கேட்டு, ஹேமநாதன் அவளுடைய அட்டவணையை அலமாரியில் வைத்தார். ஒரு வருஷம் அது அங்கேயே கிடந்தது.

வண்டி நின்றது திருமுல்லைவாயிலில். அங்கே ஒரு நாலு மாடிப் பிரசவ ஆஸ்பத்திரி. அதில் உச்சியின் லிஃப்ட். ஆயுத பூஜை முடிந்த ஒன்பதாம் நாள், வார்டு ஆயா சொர்ணம் கஞ்சி வண்டியோடு அதில் ஏறினாள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் ஓடியதும் விளக்கு வந்தது. லிஃப்ட் அந்தரத்தில் நின்றபடியே கதவைத் திறந்தது.

"கதவு தொறந்துகினு போவுது, எதிர்ல செவுரு கீது!" என்று சொர்ணம் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி முழுக்கச் சொன்னாள். "கஞ்சி அண்டா மூடி உருண்டு, சந்துல பூந்து, டமால்னு கீழ போயிச்சு. மூடி போனா பரவால்ல. என் காலு போயிருந்தா?"

அவள் கேட்டது நியாயம். அந்த லிஃப்டில் ஏறுகிறவர்கள் நிறைமாதக்காரிகள். டாக்டரம்மா லிஃப்டை நிறுத்திப் பூட்டினார். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் காரணம் எழுத்தில் வர வேண்டும் என்றார்.

ஹேமநாதனுக்குக் காரணம் உடனே கிடைத்துவிட்டது. காரணத்தின் பெயர் சின்னப்பையன். பெயர்தான் அப்படி, ஆளுக்கு ஐம்பத்திரண்டு வயது, லிஃப்டுக்குள் அவர் நின்றால் இன்னும் இரண்டு பேருக்குத்தான் இடம். இருபது வருஷமாக லிஃப்ட் ஃபிட்டர். அந்த லிஃப்டை மாட்டியவர், மாதாமாதம் பார்த்தவர். கதவைச் சரியாக அட்ஜஸ்ட் பண்ணவில்லை, ஆளை நீக்கிவிட்டோம் என்று கடிதம் தயாரானது. கையெழுத்து மட்டும் பாக்கி.

புதன்கிழமை சின்னப்பையன் சைனம்புவின் மேஜைக்கு வந்தார். கையில் நசுங்கிய அண்டா மூடி. லிஃப்டுக் குழியில் இறங்கி எடுத்திருந்தார்.

"சைனம்பும்மா, நான் கதவ மூணு தபா பாத்துட்டேன். பட்டன அமுக்கிப் பாத்துட்டேன். எல்லாம் கரீட்டா கீது. ஆனா தொறந்துகீது. நான் பொய் சொல்ல மாட்டேன், அந்தம்மாவும் பொய் சொல்லாது. ஏதோ ஒண்ணு உன் பொட்டிக்குள்ள கீது. உன் வாலு கிட்ட கொஞ்சம் சொல்லேன்."

"சொல்றேண்ணே."

அன்று முழுக்க வாலு ஆடினான். எட்டு லட்சம் தட்டல், ஆயிரத்து நூறு கரண்ட் கட். ஒன்றும் இல்லை. லிஃப்ட் குத்துவிளக்குபோல ஒழுங்காக நின்றது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்றான் தினேஷ். "புரோகிராம் சுத்தமா இருக்கு. அண்ணாத்தேதான் எங்கியோ கோட்ட விட்டுட்டாரு."

வியாழன் காலை சைனம்பு பூந்தமல்லியிலிருந்து ஏறிய ஷேர் ஆட்டோவுக்குக் கிரகம் பிடித்திருந்தது. திருவேற்காடு தாண்டியதும் டிரைவர் ஹாரனை அழுத்தினார். அழுத்திய ஹாரன் எழுந்துகொள்ளவே இல்லை. பாம் என்று பிடித்த சத்தம் வழி நெடுகக் கூடவே வந்தது. மாடு ஒதுங்கியது, லாரி ஒதுங்கியது. எதிரே வந்த கல்யாண ஊர்வலம் ஒன்று மாப்பிள்ளையோடு சேர்ந்து ஓரம் கட்டியது என்றுகூட ஏறியிருந்தவர்கள் பின்னால் சொல்லிக்கொண்டார்கள்.

"யோவ், கைய எடுய்யா அதுலேர்ந்து!" என்று பின்சீட்டில் ஒருவர் கத்தினார்.

"கைய எட்த்து அரை மணி ஆவுது நைனா! அமுக்குனது மாட்டிக்கிச்சு!"

சைனம்பு மடியிலிருந்த டிபன் பாக்ஸைத் தட்டினாள். "அடப்பாவி! நான் வாலுவ நல்ல பிள்ளையா வளத்துட்டேனே!"

பக்கத்தில் இருந்த பெண் நகர்ந்து உட்கார்ந்தாள். அவள் வேறு எந்தப் பிள்ளையையோ நினைத்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். வாலு பட்டனை அழுத்துவான், அரை விநாடியில் விரலை எடுத்துவிடுவான். அப்படித்தான் சைனம்பு எழுதியிருந்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு வரி லிஸ்டில் வந்த நல்ல பிள்ளைகளைக் கேலி பண்ணியவள், தன் வாலுவுக்கும் அதே மரியாதையைக் கற்றுக்கொடுத்திருந்தாள். அழுத்திய பட்டன் எழுந்திருக்காமலே போனால்? அந்தச் சேட்டை அவனுக்குத் தெரியவே தெரியாது.

எஸ்டேட் வாசலில் இறங்கி, நடக்காமல் ஓடினாள். ஒன்பதரைக்கு ஒரே ஒரு வரி சேர்த்தாள்: அழுத்திய பட்டனை விட்டாலும் விடலாம், விடாமலும் இருக்கலாம். வாலுவை அவிழ்த்துவிட்டாள்.

பதினொன்றே முக்காலுக்குத் திரை சிவந்தது.

"தினேஷ்!" அந்தச் சத்தத்தில் கேன்டீன்காரர் டீ டிரம்மை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்தார். "தினேஷ், தொறந்துடுச்சு! ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல, அப்படியே தொறந்துடுச்சு!"

தினேஷ் குனிந்து பார்த்தான். அந்த இடத்துக்கு வர வாலு இரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு சேட்டைகள் செய்திருந்தான். "அக்கா, இதுல எது காரணம்னு கண்டுபிடிக்கத் தீபாவளி வந்துடும்."

"நீ பாக்காத. அதுவே உரிக்கும்."

வாலுவுக்கு அந்த வித்தையும் உண்டு. செய்த சேட்டைகளில் பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு மீதியைச் செய்து பார்ப்பான். கதவு இன்னும் திறக்கிறதா? எறிந்தது குப்பை. திறக்கவில்லையா? எறிந்ததை எடுத்து வைத்துக்கொண்டு வேறு பாதியை எறிவான். வெங்காயம் உரிகிற மாதிரி எண்ணிக்கை இறங்கியது. ஆயிரத்து ஐம்பத்தெட்டு. ஐந்நூற்று இருபது. அறுபத்துமூன்று. கேன்டீன்காரர் ஏலம் கேட்கிற மாதிரி சத்தம் போட்டு எண்ணினார். "பதினொண்ணு! ஏழு! அஞ்சு!" ஐந்தில் நின்றது.

கதவு திறக்கும் பட்டனை அழுத்து, விடாதே. இருபது விநாடி காத்திரு. மூன்றாம் மாடிக்குக் கிளம்பு. வழியில் கரண்ட் போகட்டும். கரண்ட் வரட்டும்.

அவ்வளவுதான். இரண்டாயிரம் சேட்டைக்குள் ஒளிந்திருந்த ஐந்து.

தினேஷ் புரோகிராமில் அந்த இடத்தைத் திறந்தான். பட்டன் இருபது விநாடிக்கு மேல் அழுந்தியே இருந்தால், அது மாட்டிக்கொண்டது என்று எண்ணி லிஃப்ட் அதைக் கண்டுகொள்ளாமல் கிளம்பிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் கரண்ட் போய் வந்ததும் அந்த ஞாபகம் அழிந்துவிடும். கண் விழித்ததும் யாரோ கதவைத் திற என்று அழுத்துவதைத்தான் மூளை பார்க்கும். உடனே ஒரு கேள்வி கேட்கும்: மோட்டார் நிற்கிறதா? நிற்கிறது. அப்படியானால் திற. மாடியில் நிற்கிறோமா என்று கேட்கவே இல்லை.

தினேஷ் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். அந்தப் பக்கத்தைச் சட்டென்று மூடினான்.

ஹேமநாதன் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "கதவு பட்டன இருபது விநாடி எவன் அமுக்கிக்கினு நிப்பான்? அந்த ஆயாவா? ரெண்டு கையிலயும் கஞ்சி வண்டி. உன் வாலு கனவுல கண்டத எல்லாம் டாக்டரம்மாவுக்கு எழுத முடியுமா? அஞ்சு மணிக்கு நான் கையெழுத்துப் போடுறேன்."

"அதுக்கு இன்னும் நாலே முக்கால் மணி நேரம் இருக்கு சார்" என்று சைனம்பு பையை எடுத்தாள்.

திருமுல்லைவாயிலுக்கு மூன்று பேர் போனார்கள். சைனம்பு, தினேஷ், சின்னப்பையன். நின்றுபோன லிஃப்டைச் சின்னப்பையன் திறந்துவிட்டார். சைனம்பு கதவு பட்டனை அழுத்தினாள். எழுந்தது. மறுபடி அழுத்தினாள். எழுந்தது.

"நான்தான் சொன்னேன்ல? நல்லாத்தான் கீது" என்றார் சின்னப்பையன், பாவமாக.

"அண்ணே, பூட்ட இப்படிச் செல்லமாத் தொட்டா ஒண்ணும் சொல்லாது." கட்டைவிரலை வைத்து, ஓரமாகச் சாய்த்து, அமுக்கித் திருகினாள். பட்டன் உள்ளே போனது. விரலை எடுத்தாள். வரவில்லை.

மூன்று பேரும் மூச்சு விடாமல் அதைப் பார்த்தார்கள். எண்பது விநாடி கழித்து, தூங்கி எழுந்தவன் மாதிரி, டக்கென்று வெளியே வந்தது. கஞ்சி வண்டியை ஏற்றும்வரை கதவு மூடாமலிருக்க, முழங்கையால் ஓரமாக ஒரு அமுக்கு அமுக்கினாலே போதும்.

சைனம்பு தலைத்துணியிலிருந்த குண்டூசியை உருவி, பட்டனைச் சுற்றியிருந்த மயிரிழைச் சந்தில் விட்டுச் சுரண்டினாள். மஞ்சளாய்ப் பொடி உதிர்ந்தது. உள்ளங்கையில் தட்டி முகர்ந்தாள். பூந்தமல்லிக்காரிக்கு அந்த வாசனை தெரியாதா? தர்கா சந்தனக்கூடு அன்று ஊரே அதைத்தானே பூசிக்கொள்ளும்.

"சந்தனம்!"

சின்னப்பையன் லிஃப்டின் சுவரில் சாய்ந்துவிட்டார். லிஃப்ட் ஒரு தடவை குலுங்கியது.

"ஆயுத பூஜைக்கு நான் வெச்சது. எல்லா பட்டனுக்கும் ஒரு பொட்டு வெச்சேன். கதவு தொறக்குறதுக்கு மட்டும் ரெண்டு விரலால அள்ளி அப்புனேன். ஆள காப்பாத்துற பட்டன் அதுதான்னு. மேல தொடச்சுட்டேன். உள்ள பூந்தது தெரியல." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்போ நான்தான். முதலாளி எழுதுனது கரீட்டுதான். வா போலாம், நானே சொல்லிடுறேன்."

"நில்லுங்கண்ணே!" சைனம்புவின் குரல் லிஃப்டுக் குழி முழுக்க எதிரொலித்தது. "பட்டன்ல சந்தனம் போகும். சப்பாத்தி மாவு போகும். ஒரு குழந்தை பபிள்கம் ஒட்டும். அது ஊர். பட்டன் மாட்டிக்கிட்டா லிஃப்ட் தாமதமாகலாம், நிக்கலாம், மணி அடிக்கலாம். நடு வழியில கதவத் தொறக்கக் கூடாது. அத யாரு பாத்துக்கணும்? நீங்களா, மூளையா?"

சின்னப்பையன் பதில் சொல்வதற்குள் தினேஷ் பேசினான்.

"மோட்டார் நின்னா தொறன்னு எழுதுனது நான்தான் அண்ணாத்தே. வேலைக்குச் சேந்த முதல் வருஷம். காலையிலயே தெரிஞ்சுபோச்சு. சொல்ல வாய் வரல."

நாலேகாலுக்கு ஹேமநாதன் அறையில் மூன்று பேரும் நின்றார்கள். மேஜையில் கடிதம், அதன்மேல் பேனா. சைனம்பு ஒரு காகிதத்தில் மஞ்சள் பொடியைக் கொட்டினாள். தினேஷ் தன் வரியைப் படித்துக் காட்டி, "இது நான் எழுதுனது சார்" என்றான். ஹேமநாதன் பொடியை முகர்ந்தார். சின்னப்பையனைப் பார்த்தார். போன வருஷ ஆயுத பூஜைக்கு இந்த அறைக் கதவிலும் பீரோவிலும் தானே கை நிறையச் சந்தனம் அப்பியது ஞாபகம் வந்திருக்க வேண்டும். பீரோவின் பூட்டு மூன்று நாள் திறக்கவில்லை.

கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். "புதுசா எழுதும்மா. தப்பு எங்க புரோகிராம்லன்னு எழுது. ஒரு வாரம் கேளு." பிறகு எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். தூசி தட்டி அந்த அட்டவணையை எடுத்து நீட்டினார். "ஒட்டுப் போட வேணாம். இத வெச்சே பண்ணு."

அந்த ஒரு வாரம் உச்சி லிஃப்டில் கல்யாண வீடு மாதிரி. சைனம்பு அட்டவணையில் முதல் வரியாக எழுதினாள்: மாடிக்கு மட்டமாக நிற்காதவரை கதவு திறக்காது, யார் எதை அழுத்தினாலும். பொத்தானைத் தட்டியதும் இயந்திரம் புரோகிராமை மூன்று விநாடியில் எழுதித் துப்பியது. தினேஷ் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் துள்ளினான். "அக்கா! பழசுல கதவத் தொறக்குற இடம் ஏழு இருக்கு! நமக்குத் தெரிஞ்சது ஒண்ணு! இது ஏழுலயும் கேள்வி கேட்டுட்டுத்தான் தொறக்குது!" வாலுவுக்குப் பட்டனை மாட்டவைக்கிற உரிமையை முழுசாகக் கொடுத்துவிட்டார்கள். ஐந்து நாளில் நாற்பது லட்சம் சேட்டை. வாலுவுக்கே வியர்த்திருக்கும். கதவு அசையவில்லை.

அடுத்த வியாழன், ஆஸ்பத்திரியில் மாடிப்படி நிறையக் கூட்டம். டாக்டரம்மா, நர்சுகள், வயிற்றைப் பிடித்தபடி இரண்டு கர்ப்பிணிகள். உள்ளே யார் நிற்பது என்ற கேள்வியே எழவில்லை. சின்னப்பையன் கஞ்சி வண்டியோடு ஏறினார். கட்டைவிரலைக் கதவு பட்டனில் அழுத்திக்கொண்டார். இருபது விநாடி கழித்துக் கதவு மூடி, லிஃப்ட் கிளம்பியது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் தினேஷ் கரண்டைப் பிடுங்கினான்.

இருட்டு. ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு வந்தது.

"அண்ணே! விரல் பட்டன்லதானே இருக்கு?" என்று சைனம்பு கத்தினாள்.

"அமுக்கிக்கினுதான் கீறேன்! நகம் வெளுத்துப்போச்சு! தொறக்கல! மகராசி, தொறக்கவே இல்ல!"

லிஃப்ட் ஆமைபோல நகர்ந்து மூன்றாம் மாடிக்கு மட்டமாக வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் கதவு திறந்தது. உள்ளே சின்னப்பையன் பல் அத்தனையும் தெரிய நின்றார். நசுங்கிய மூடி அண்டாவின் மேலேயே இருந்தது. சொர்ணம் போய் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"கஞ்சி ஒரு சொட்டு சிந்தல" என்றாள். "இன்னா அண்ணாத்தே, அட்த்த ஆயுத பூஜைக்கும் சந்தனம் உண்டா?"

சின்னப்பையன் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சைனம்புவைப் பார்த்தார்.

"வைங்கண்ணே" என்றாள் அவள். "கை நிறைய அள்ளி வைங்க. குங்குமமும் வைங்க. இந்த லிஃப்டுக்கு இனிமே பயமில்ல."

அன்று சாயங்காலமே அலுவலகத்துக்கு வந்து, வாலு செய்யக்கூடிய சேட்டைகளின் பட்டியலில் கடைசி வரியாக ஒன்றைச் சேர்த்தாள்: சந்தனம், எந்தப் பட்டனிலும், எவ்வளவு வேண்டுமானாலும்.